கவாத்து: படைநடையும் கட்டளைச் சொல்லும்

கவாத்து என்பது படைவீரர்கள் ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் நிற்கவும், திரும்பவும், நடக்கவும், ஆயுதம் கையாளவும் பழகும் பயிற்சி ஆகும். விதிகள் என்று பொருள்படும் 'கவாயித்' என்ற அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்து கவாத்து ஆயிற்று. தோட்டக்காரர்கள் கிளைகளை வெட்டிச் செடியைச் சீர்செய்வதையும் கவாத்து என்பர். இக்கட்டுரை படைக் கவாத்தைப் பற்றியது.

குடியரசு நாள் அணிவகுப்பிலும் பள்ளி விளையாட்டு விழாவிலும் மட்டுமே இதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு சடங்காகத் தோன்றும். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கவாத்தே போர்முறையாக இருந்தது. மைதானத்தில் பழகிய அதே அடியும் அதே திரும்பலும் அதே சொற்களும் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவிலும் பயன்பட்டன.

கட்டளையின் அமைப்பு

கவாத்துக் கட்டளை பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக வரும். முதல் துண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னறிவிக்கும். இரண்டாவது துண்டு அதை எப்போது செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும். 'வலப்பக்கம்' என்று நீட்டிச் சொல்லி, சற்று நிறுத்தி, 'திரும்பு' என்று வெட்டெனச் சொல்வது போல. அந்தச் சிறிய இடைவெளியில்தான் வரிசையில் நிற்கும் அனைவரும் தயாராகின்றனர்.

இந்த ஒழுங்கு மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் படையணிகளைப் பற்றி எழுதிய ஏலியன் என்பவர் இதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். கிரேக்க வீரனின் வலக்கையில் ஈட்டி, இடக்கையில் கேடயம். ஆகவே வலப்பக்கத்தை 'ஈட்டிப் பக்கம்' என்றும் இடப்பக்கத்தைக் 'கேடயப் பக்கம்' என்றும் சொல்வர். 'திரும்பு' என்ற சொல் முதலில் வந்தால், பக்கத்தைக் கேட்பதற்குள் அவசரத்தில் சிலர் ஒருபுறமும் சிலர் மறுபுறமும் திரும்பிவிடுவர். எனவே பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும், வினையைப் பிறகு சொல்ல வேண்டும். கட்டளை காதில் விழ வேண்டுமானால் அதற்கு முன் படை அமைதியாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார்.

தமிழில் எழுதும்போது இதை ஒரு விதி என்று சொல்வதே விந்தையாக இருக்கிறது. வினை கடைசியில் வருவது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் அப்படியல்ல. பேச்சில் 'டர்ன் ரைட்' என்பவர்கள் மைதானத்தில் 'ரைட் டர்ன்' என்று சொற்களைப் புரட்டிப் போட வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் மறுபிறப்பு

ஏலியனின் நூலை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூர்ந்து படித்தவர்களில் ஒருவர், நெதர்லாந்தின் வடபகுதியான பிரீஸ்லாந்தின் ஆளுநர் வில்லியம் லூயி. அப்போது நெதர்லாந்தியர் எசுப்பானியப் பேரரசை எதிர்த்துப் போரிட்டு வந்தனர். அவர்களுடைய துப்பாக்கியில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒருமுறை சுட்டபின் மருந்து கெட்டித்து, குண்டு இட்டு, மறுபடி சுடுவதற்கு நெடுநேரம் ஆகும். அதற்குள் எதிரி வந்து சேர்ந்துவிடலாம்.

1594 டிசம்பர் 8 அன்று வில்லியம் லூயி தம் உறவினரும் படைத்தலைவருமான நாசோ மோரிசுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்வரிசை சுட்டுவிட்டு ஆட்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாகப் பின்னால் போய் மருந்து நிரப்ப வேண்டும். அதற்குள் அடுத்த வரிசை முன்வந்து சுட வேண்டும். அப்படியே அடுத்தடுத்த வரிசைகளும். இதனால் சூடு ஓயாமல் தொடரும் என்பது அவர் யோசனை.

காகிதத்தில் இது எளிது. நடைமுறையில் ஒருவன் தாமதித்தாலும் சுழற்சி தடைப்படும். ஆகவே மருந்து நிரப்பும் வேலையைத் தனித்தனி அசைவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை வைத்தனர். இவ்வாறு உருவான பயிற்சியை ஓவியர் யாக்கோப் தெ கெய்ன் படங்களாகச் செதுக்க, 1607இல் அது நூலாக வந்தது. இலகுவகைத் துப்பாக்கிக்கு 42, கனரகத் துப்பாக்கிக்கு 43, நீள் ஈட்டிக்கு 32 என மொத்தம் 117 படங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீரனுக்கும் படத்தைக் காட்டிக் கற்பிக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அக்காலத்துத் துப்பாக்கி வீரன் ஒரு கையில் எரியும் திரியையும் உடலில் வெடிமருந்துக் குப்பிகளையும் வைத்திருந்தான். பக்கத்தில் இருப்பவனும் அப்படியே. கவனமற்ற ஓர் அசைவு இருவரையும் கொன்றுவிடும்.

எல்லோரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைப்பது ஐரோப்பியப் படைகளில் பரவலானது அதற்கும் பிறகு, 18ஆம் நூற்றாண்டில்தான். பிரித்தானிய மரபின் விரைநடையில் நிமிடத்துக்கு 120 அடி வைப்பர். ஒவ்வோர் அடியும் 30 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 300 அடித் தொலைவு. ஒரு படைப்பிரிவு எப்போது எங்கே இருக்கும் என்பதைத் தளபதி கணக்கிட முடிந்தது.

சோழமண்டலக் கரையில்

இந்தக் கவாத்தின் வலிமையைத் தமிழகம் கண்டது 1746இல். சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்க ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தம் மகன் மாபூசு கானின் தலைமையில் ஏறத்தாழ 10,000 பேரை அனுப்பினார். அடையாற்றின் கரையில் பாரடிசு என்ற அதிகாரி ஏறத்தாழ 1,000 பேருடன் வந்தார். அவர்கள் வரிசை குலையாமல் ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியுடன் முன்னேறினர். நவாப்பின் படை சிதறியது. இதை ஐரோப்பியரின் வெற்றி என்றே பலர் எழுதுகின்றனர். ஆனால் ஆற்றைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 700 பேர் கவாத்துப் பழகிய இந்தியச் சிப்பாய்கள்.

ஆங்கிலேயரும் இந்தப் பாடத்தைக் கற்றனர். 1748இல் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்த மேசர் இசுடிரிங்கர் லாரன்சு கம்பெனிப் படையைத் திருத்தி அமைத்தார். இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த யூசுப் கான் (மருதநாயகம்) இவருக்குக் கீழ்தான் சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்தார்.

சிப்பாய்களுக்குக் கட்டளை ஆங்கிலத்திலேயே வந்தது. பொருள் புரியாவிட்டாலும் ஒலிக்கு உடல் பழகினால் போதும் என்பது கவாத்தின் கணக்கு. 'ஹூ கம்ஸ் தேர்' (யார் அங்கே வருவது) என்ற காவலாளியின் குரல் இந்தியச் சிப்பாய்களின் வாயில் 'ஹுக்கும்தார்' ஆனது இப்படித்தான்.

அடியையும் துப்பாக்கியையும் ஒழுங்குபடுத்தியவர்கள் முகத்தையும் ஒழுங்குபடுத்த முனைந்தபோது நிலைமை மாறியது. சென்னைப் படைக்கு வந்த புதிய விதிகள், அணிவகுப்பில் நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது, தாடி மழித்திருக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றன; தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 மே மாதம் வேலூரில் அதை அணிய மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி கொடுக்கப்பட்டது. சூலை 10 அன்று கோட்டையில் புரட்சி வெடித்தது. அது அன்றே இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டாலும் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர்.

எந்த மொழியில்?

விடுதலைக்குப் பின் இந்தியப் படைகளில் ஆங்கிலச் சொற்களின் இடத்துக்கு இந்திச் சொற்கள் வந்தன. 1948இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையிலும் 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இளைப்பாறு), 'தேஸ் சல்' (விரைந்து நட), 'தம்' (நில்) என்பவை கட்டளைகளாயின. இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைக் கண்டிருந்த தமிழகத்தில் இது சிறு செய்தியாக இருக்கவில்லை. 1968 சனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு, மும்மொழித் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில் இடம்பெற்றது.

பொருளறியாத மொழியின் ஓசைக்குக் கால் பழகும் என்பதைக் கம்பெனிச் சிப்பாய்கள் காட்டிவிட்டனர். ஆகவே 1968இன் கேள்வி மாணவர்களால் நடக்க முடியுமா என்பதல்ல. யாருடைய சொல்லுக்கு நடப்பது என்பதே. 'தாஹினே முட்' என்ற இந்திக் கட்டளையிலும் பக்கம் முதலில், வினை பிறகு. ஏலியனின் விதி அப்படியே இருக்கிறது.