செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் அழைக்கும் முன் வீட்டு உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத புறநகர் வீடுகளில், கழிவறை நீர் முழுவதும் செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டிக்கே செல்கிறது. அத்தொட்டியை எப்போது காலி செய்வது, யாரை அழைப்பது, அகற்றப்படும் கசடு எங்கே போகிறது ஆகிய மூன்றுக்கும் வீட்டு உரிமையாளருக்கு நேரடிப் பொறுப்பு உண்டு. அலட்சியமாக இருந்தால் உயிரிழப்பும் சிறைத் தண்டனையும் நேரிடக்கூடும்.

பெங்களூரு நகர்ப்புற மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே அமைந்துள்ள சந்தாபுரா இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழிற்பேட்டைகளை ஒட்டி வேகமாக வளர்ந்த இப்பகுதியின் ஏரியில் தொழிற்சாலைக் கழிவும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் கலந்த விவகாரத்தில், கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை செலுத்த வேண்டும் என தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. வீட்டுக் கழிவை முறையாக அகற்றுவது ஏன் அவசியம் என்பதை அந்த உத்தரவு உணர்த்துகிறது.

தொட்டி எவ்வாறு இயங்குகிறது?

தொட்டிக்குள் வரும் கழிவில் கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய், கொழுப்பு போன்றவை மேலே ஆடையாக மிதக்கின்றன. இடையில் உள்ள நீர் மட்டும் வெளியேறி, உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. எஞ்சியது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதித்தொகுப்பின்படி, தொட்டியின் கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர் இருக்க வேண்டும். உறிஞ்சு குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டரும், வசிப்பிடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளி அமைய வேண்டும். சிமெண்ட் உறைகளை இறக்கி, அடித்தளம் இடாமல் விடப்படும் குழிகளும் பல இடங்களில் செப்டிக் டேங்க் என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து கழிவு நேரடியாக நிலத்தடிக்குக் கசிவதால், ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள வீடுகள் குடிநீரை அவ்வப்போது பரிசோதிப்பது நல்லது.

எப்போது காலி செய்ய வேண்டும்?

2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். தொட்டி நிரம்பி வழியும் வரை காத்திருந்தால், கசடு உறிஞ்சு குழிக்குள் புகுந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பின் தொட்டியைக் காலி செய்தாலும் பயனில்லை. புதிய குழியே தோண்ட நேரிடும்.

கழிவறை நீர் மெதுவாக வடிதல், தரைத்தளக் கழிவறையில் நீர் மேலெழுதல், தொட்டியைச் சுற்றி ஈரமும் துர்நாற்றமும் காணப்படுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

சேவையாளரிடம் கேட்க வேண்டியவை

* வாகனத்திற்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் உள்ளதா? சந்தேகம் இருப்பின் நகராட்சி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

* கசடு எங்கே கொட்டப்படும்? சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைக் கூற இயலாதவரைத் தவிர்க்க வேண்டும். கட்டணம் மிகக் குறைவாக இருந்தால், கழிவு அருகிலுள்ள ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டப்பட வாய்ப்புண்டு.

* உறிஞ்சு குழாய் வீதியிலிருந்து தொட்டி வரை எட்டுமா? எத்தனை நடை தேவைப்படும்? தொட்டியின் அளவை முன்கூட்டியே தெரிவித்தால் கட்டணத் தகராறு எழாது.

* இறுகிய கசடை எவ்வாறு அகற்றுவார்கள்? வெளியிலிருந்து நீரைப் பீய்ச்சி இளக்கி உறிஞ்சுவதே சரியான முறை. "ஆள் இறங்கி அள்ளிவிடுவார்" என்ற பதில் வந்தால் அவரை உடனே திருப்பி அனுப்ப வேண்டும்.

பணியின்போது தொட்டியின் எல்லா அறைகளும் காலி செய்யப்படுகின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிரிகள் மீண்டும் பெருக ஏதுவாக, அடியில் சிறிதளவு கசடை விட்டுவைக்க வேண்டும். பணி முடிந்ததும் மூடியைச் சரியாகப் பொருத்தி, தேதியுடன் ரசீது பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.

ஆளை இறக்குவது குற்றம்

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகுந்தால் மூக்கு நுகரும் திறனையே இழந்துவிடும். வாடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை எனக் கருதக் கூடாது. மீத்தேன் தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் தீக்குச்சியோ பீடியோ பற்றவைக்கக் கூடாது.

2013ஆம் ஆண்டு மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அபாயகரமான முறையில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. ஒப்பந்ததாரர்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மட்டுமின்றி, தனிநபர்களுக்கும் இது பொருந்தும். முதல் முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மீண்டும் மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது.

எவரேனும் தவறி விழுந்துவிட்டால், காப்பாற்றும் பதற்றத்தில் மற்றவர் உள்ளே இறங்கக் கூடாது. ஒருவரை மீட்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து உயிரிழந்த நிகழ்வுகள் பல. உடனடியாக 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழைக்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈரத்துடைப்பான், பிளாஸ்டிக், சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கழிவறையில் போடக் கூடாது. ஆசிட், பினாயில் ஆகியவற்றை மிகுதியாக ஊற்றினால் நுண்ணுயிரிகள் அழியும். மழைநீர்க் குழாயைத் தொட்டியுடன் இணைக்கக் கூடாது. தொட்டியின் மீது வாகனம் நிறுத்துவதையும் அருகில் மரம் நடுவதையும் தவிர்க்க வேண்டும். காற்றுக் குழாயின் முனையில் கொசு வலை கட்டுவது அவசியம். கடைகளில் விற்கும் நுண்ணுயிரிப் பொடிகள் கசடை அகற்றுவதற்கு மாற்றாகாது.

கசடுக்கும் பயனுண்டு

பெங்களூருவின் வடபுறத்தில் உள்ள தேவனஹள்ளியில், நகர அளவிலான மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2015இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முன்னோடித் திட்டங்களுள் ஒன்றான இங்கு, லாரிகள் கொண்டுவரும் கசடு சுத்திகரிக்கப்பட்டு உரமாக மாற்றப்படுகிறது. 2017இல் மத்திய அரசு மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அதற்கு முன்னரே, 2014இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்திருந்தது.

நிலையங்கள் இருந்தாலும் லாரிகள் அங்கு சென்று சேர்ந்தால்தான் பயன் உண்டு. எனவே, கசடு எங்கே கொட்டப்படும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த பின்னரே பணியை ஒப்படைக்க வேண்டும்.