யாங்சியின் வெள்ளை ஓங்கில்

சீனத்தின் தொன்மையான சொற்பொருள் நூலாகிய ‘எர்யா’, மீன்களோடு சேர்த்து ஆற்று ஓங்கிலையும் பதிவு செய்துள்ளது. அந்நூலுக்கு உரை கண்ட குவோ பூ (276–324) அதன் நீண்டு கூர்ந்த அலகையும், நெற்றிமேல் அமைந்த மூக்கையும், ஒலி எழுப்பும் இயல்பையும், குட்டி ஈனும் தன்மையையும் பிழையின்றிக் குறித்தார். ஆற்றில் அது மிகுதியாக உண்டு என்றும் எழுதினார். உரையாசிரியர் ஒருவரின் அச்சிறு குறிப்பே இன்று அவ்வுயிரின் வரலாற்றுக்கு முதற்சான்றாக நிற்கிறது. வட சொங் காலத்துக் கவிஞர் கொங் வூசொங், யாங்சியில் வாழும் இருவகை உயிர்களைக் கருமை, வெண்மை என நிறத்தால் பிரித்துப் பாடினார். கரியது ஆற்றுப்பன்றி என மக்கள் வழங்கும் சிறு ஓங்கில், வெள்ளையது பாய்ஜி.

பாய்ஜியைப் பெண்ணாகக் கண்டவர் கதையாசிரியர் பூ சொங்லிங் (1640–1715). அவருடைய கதைத் தொகுதியில் வரும் பாய் சியூலியான், வணிகன் மகன் ஒருவன் படகில் அமர்ந்து கவிதை படிப்பதைக் கேட்டே அவன்மீது காதல் கொள்கிறாள். நோயுற்றபோது அவன் கவிதை சொல்லக் கேட்டுத் தேறுகிறாள். மணமான பின்னரும் துங்திங் ஏரியின் நீரை உணவில் சிறிது கலந்தே உண்கிறாள். ஒருநாள் மீனவன் ஒருவன் பாய்ஜியைப் பிடித்துவிட, அதை எவ்விலை கொடுத்தேனும் வாங்கி ஆற்றில் விடுமாறு கணவனை வற்புறுத்துகிறாள். பிடிபட்டது அவள் தாய். பின்னர் ஏரி நீர் தீர்ந்து போக, தான் இறந்தால் புதைக்க வேண்டா, நாளுக்கு மூன்று வேளை து ஃபுவின் கவிதையை ஓதினால் உடல் அழியாது, நீர் வந்ததும் அதில் அமிழ்த்துக என்று சொல்லி உயிர் விடுகிறாள். நீர் வருகிறது, அவளும் எழுகிறாள். கவிதையால் உயிர் தாங்கிய ஒருத்தியைப் படைக்க ஆற்றுயிரைத் தேர்ந்த அவ்வாசிரியரின் உள்ளம் வியப்புக்குரியது.

மேலை அறிவியல் இவ்வுயிரை அறிந்தது மிகப் பிந்தியே. துங்திங் ஏரியில் சார்லஸ் ஹோய் என்னும் அமெரிக்க இளைஞர் சுட்டுக் கொன்றதன் மண்டையோட்டைக் கொண்டு, 1918-இல் கெரிட் மில்லர் இதற்கு ‘லிபோட்டஸ் வெக்சிலிஃபர்’ எனப் பெயரிட்டார். முதற்சொல்லுக்குப் ‘பின்தங்கி விடப்பட்டது’ என்பது பொருள். இரண்டாவது ‘கொடி தாங்குவது’. வெள்ளைத் துடுப்பு என்னும் சீனப் பெயரை வெள்ளைக் கொடி எனத் தவறாகக் கேட்டதன் விளைவு அது. ஒலி ஒப்புமையால் சொற்கள் திரிவதை இலக்கணம் பயின்றோர் அறிவர். ஓர் உயிரின் அறிவியற் பெயரே அவ்வாறு திரிந்து நிலைத்தது.

அழிவு பகைமையால் வந்ததன்று. 1950-களின் இறுதியில் இறைச்சிக்கும் தோலுக்குமாக அதைக் கொன்றது உண்மையே. ஆயினும் பெருங்கேடு, வேறு மீனுக்காக விரித்த வலைகளாலும், ஒரே கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட கூர்முட்களாலும் நேர்ந்தது. மின்பாய்ச்சி மீன் பிடிக்கும் வழக்கமும் பரவியது. பார்வை மங்கிய பாய்ஜி ஒலியைக் கொண்டே வழி அறிவது. கப்பல்களின் இரைச்சல் அவ்வழியையும் மறைத்தது. ஏரிகளை ஆற்றிலிருந்து பிரித்த மதகுகளும் அணைகளும் மீன் வளத்தைக் குறைத்தன.

1980 சனவரியில், துங்திங் ஏரி ஆற்றில் கலக்கும் இடத்தருகே கொக்கிக் காயங்களுடன் அகப்பட்ட ஆண் பாய்ஜி ஒன்று வூஹான் நீர்வாழ் உயிரியல் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சீச்சீ என்று பெயரிட்டனர். தமிழ்ச் செவிக்கு அப்பெயர் இகழ்ச்சியாய் ஒலிப்பினும் வூஹானில் அது அன்புப் பெயர். 1986-இல் பிடித்து வந்த இரண்டில் ஆண் சில வாரங்களிலேயே மடிந்தது. சென்சென் என்னும் பெண் 1988-இல் இறந்தது. சீச்சீ 22 ஆண்டுகள் வாழ்ந்து, 2002 சூலை 14 அன்று மறைந்தது.

அறிஞர்க்கு வழி தெரியாமல் இல்லை. 1986-இல் வூஹானில் கூடியோர், எஞ்சிய பாய்ஜிகளைப் பாதுகாப்பான நீர்நிலைக்கு மாற்ற வேண்டும் என்றனர். யாங்சி தன் போக்கை மாற்றியபோது பிரிந்துபோன தியானெசூ என்னும் பழைய வளைவு 1992-இல் காப்பிடமாயிற்று. ஆனால் ஆற்றிலேயே காப்பதா, வேறிடம் பெயர்ப்பதா என்னும் வாதம் நீண்டது. காப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பெண் பாய்ஜி, 1995 திசம்பரில். மறு ஆண்டு கோடையில், அதைக் காக்க அமைத்த வலைத்தடுப்பிலேயே சிக்கி இறந்து கிடந்தது. முடிவெடுக்கத் தாமதித்த ஆண்டுகளைக் குற்றம் சொல்லாமல் இவ்வரலாற்றை எழுத இயலாது.

2006 இறுதியில் இரு கப்பல்கள் ஆறு வாரம், இச்சாங்குக்கும் சாங்காய்க்கும் இடையே போக வர ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தேடின; நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிச் செவிமடுத்தன. ஒன்றும் அகப்படவில்லை. 2007-இல் வெளியான ஆய்வுரை, அவ்வினம் அற்றுப்போயிருக்கக் கூடும் என அறிவித்தது.

பாய்ஜிக்காக ஒதுக்கிய தியானெசூவில் இப்போது வாழ்வது கொங் வூசொங் பாடிய கரிய ஓங்கில். 2017-இல் 1,012 என மதிப்பிடப்பட்ட அவ்வினம், 2021 முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை நடைமுறைக்கு வந்தபின், 2022 கணக்கெடுப்பில் 1,249 எனக் காணப்பட்டது.