டிஃபிப்ரிலேட்டரின் கடைசி சில மீட்டர்கள்: சுவீடனின் டிரோன் சோதனைகள்

தாளம் குலைந்து செயலிழந்த இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரின் வரலாறு, மருத்துவமனையை விட்டு அது விலகி வந்த வரலாறுதான். 1960களின் நடுவில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் அதைக் கார் பேட்டரியில் இயங்கவைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ. பிற்காலத்தில் இதயத் துடிப்பைத் தானே அறிந்து வழிகாட்டும் கருவி வந்தபோது, பயிற்சியற்றவரும் அதைக் கையாள முடிந்தது. சிகாகோ விமான நிலையங்களின் சுவர்களில் மாட்டியிருந்த கருவிகள் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. அதிர்ச்சி பலனளிக்கக்கூடிய நிலையில் விழுந்த 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டிருந்தனர். ஆனால் பெரும்பாலானோருக்கு இதயம் நிற்பது வீட்டில். அங்கே சுவர்ப்பெட்டி கிடையாது. சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. டிரோன் பற்றிய சிந்தனை இந்த இடைவெளியில் பிறந்தது.

2014இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர் அலெக் மோமான்ட் ஒரு மாதிரி வடிவத்தைக் காட்டினார். அதை அளந்தறியும் ஆய்வாக மாற்றியவர்கள் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கேயுள்ள நோர்டேலியே பகுதியில் 2016இல் 18 முறை டிரோன் பறக்கவிடப்பட்டது. அது சென்று சேர்ந்த இடைநிலை நேரம் 5 நிமிடம் 21 விநாடி. அதே இடங்களுக்கு ஆம்புலன்ஸ் முன்பு எடுத்திருந்தது 22 நிமிடம். இந்த ஒப்பீடு உலகை ஈர்த்தது நியாயமே. ஆனால் அங்கே உண்மை நோயாளி இல்லை, பதறும் உறவினரும் இல்லை. கருவி தரையைத் தொட்ட கணத்தோடு கடிகாரம் நிறுத்தப்பட்டது.

கடிகாரத்தை அங்கே நிறுத்தியது போதாது என்பதே என் வாதம். மேற்குச் சுவீடனில் 2021 ஏப்ரல் முதல் 2022 மே வரை உண்மையான அழைப்புகளுக்கு 5 டிரோன்கள் பயன்பட்டன. 211 அழைப்புகளில் 72க்கு டிரோன் புறப்பட்டு, 58 இடங்களில் கருவியை இறக்கியது. இரு நேரங்களும் பதிவான 55 நிகழ்வுகளில் 37இல் ஆம்புலன்ஸை முந்தியது. இடைநிலை முந்துதல் 3 நிமிடம் 14 விநாடி. அந்த 37இல் உண்மையாகவே இதயம் நின்றிருந்தது 18 பேருக்கு. அவர்களில் கருவி உடலில் பொருத்தப்பட்டது 6 பேருக்கு, அதிர்ச்சி தரப்பட்டது 2 பேருக்கு, 30 நாள் கடந்து வாழ்ந்தவர் ஒருவர். முந்திச் சென்றும் 12 பேரின் மார்பை அது தொடவில்லை. வாசல்வரை வந்த கருவி படுக்கையறைக்குப் போய்ச்சேராததே நான் காணும் தடை.

ஓர் உயிருக்காக இத்தனை ஏற்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. வானிலையும் வான்வெளி அனுமதியும் கட்டுப்படுத்திய தொடக்கக்கால முயற்சியை அந்த ஓர் எண்ணைக் கொண்டு மதிப்பிடுவது அவசரம். ஆம்புலன்ஸில் ஏறிய முதல் டிஃபிப்ரிலேட்டருக்கும் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். இன்னோர் ஆட்சேபம் கனமானது: தனியாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பவர் கருவியை எடுக்க எழுந்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடாதா? நிற்கும். 2021 டிசம்பரில் ட்ரோல்ஹெட்டனில் பனி அள்ளும்போது விழுந்த 71 வயது முதியவர் பிழைத்த நிகழ்வில், வழியே சென்ற மருத்துவர் ஒருவர் அவரது நெஞ்சை அழுத்தினார். உதவிக்கு வேறு கைகளும் இருந்தன. ஆகவே தொலைபேசியில் பேசும் அவசர அழைப்பு மைய ஊழியர்தான் இங்கே முக்கியம். அருகில் எத்தனை பேர், யார் வெளியே போவது, எப்போது போவது என்று அவர் கேட்டு முடிவு செய்யவேண்டும். அருகிலுள்ள பயிற்சி பெற்ற தன்னார்வலரையும் கைபேசி வழியே அழைக்கவேண்டும். இனிவரும் ஆய்வுகள் அழைப்பு வந்ததிலிருந்து மின்முனைகள் மார்பில் ஒட்டப்படும் வரையிலான நேரத்தை முதன்மை அளவாகக் கொண்டால், எந்த ஊருக்கு டிரோன் தேவை, எந்த ஊருக்கு முதலில் ஆட்கள் தேவை என்பதைப் பிரித்தறிய முடியும்.