உறவும் கணக்கும்

கணக்குக் காட்டாதவனின் குற்றம் அவனோடு ஒழிவதன்று எனக் கருதினர் சோழர்காலச் சபையார். முதற் பராந்தகனின் 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோரை மட்டுமன்றி, அவர்தம் தந்தை, மகன், மாமன், மைத்துனன், மருமகன் முதலியோரையும் குடவோலைத் தேர்வினின்று விலக்குகின்றது. ஒருவர் மறைத்ததை உறவினர் மூடிவிடுவர் என்னும் அச்சமே இதற்குக் காரணம் போலும்.

இக்காலச் சட்டம் உறவை விலக்குவதில்லை; அறிவிக்கப் பணிக்கின்றது. கொடுக்கல் வாங்கலில் தமக்குள்ள நலனைப் பணிப்பாளர் வெளியிடல் வேண்டும் என்பது இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். தொடர்புடையோருடன் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலின் தொகையும் நிலுவையும் நிதிக்கூற்றில் இடம்பெறல் வேண்டும் என்பது கணக்கீட்டு நியமம் 24.

அறிவித்தலின் வலிமையை இந்திய நிகழ்வொன்று காட்டும். 2008 டிசெம்பர் 16இல் ஐதராபாத்துச் சத்யம் கம்பனி, தன் தலைவர் இராமலிங்க ராஜுவின் புதல்வரோடு தொடர்புடைய இரு மேட்டாஸ் கம்பனிகளை ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு வாங்கத் தீர்மானித்தது. உறவு வெளிப்படையாதலின் பங்குதாரர் வெகுண்டனர். சில மணி நேரத்தில் தீர்மானம் கைவிடப்பட்டது. பொய்க் கணக்கின் வெற்றிடத்தை நிரப்பும் இறுதி முயற்சியே அது என்பதை 2009 சனவரி 7இல் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

நம் கரையின் மீனவர் சங்கம், கோயிற் சபை, பள்ளிவாசல் நிருவாகம் எதுவாயினும், பிறர் பணத்தை ஆள்வோர் தம் உறவையும் கணக்கோடு சேர்த்துக் காட்டல் கடன்.