பழைய உடையைப் பேணல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆடை உடலை மறைப்பதற்கு மாத்திரம் அமைந்ததன்று. அணிபவர் சமூகத்தில் வகிக்கும் இடத்தையும் அது உணர்த்தி வந்துள்ளது. ஆதலின், புதுப்பாணிகள் தோன்றி மறைந்த காலங்களிற் பழைய உடையை விடாது பேணியோரின் செயலைப் பழமைப்பற்று என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிடுதல் இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய ஆட்சியின்கீழ் இலங்கையில் ஆங்கிலங் கற்ற வகுப்பினர் கோட்டும் களிசானும் சப்பாத்தும் அணியலாயினர். கரையோரச் சிங்களப் பிரபுக்கள் பலர் களிசானுக்கு மேலே தமது பழைய துணியையும் சுற்றி உடுத்தனர். புதியதை ஏற்கவும் பழையதைக் கைவிடாதிருக்கவும் அவர்கள் கண்ட வழி அதுவாகும். உத்தியோகமும் அந்தஸ்தும் நாடியவர்க்கு ஐரோப்பிய உடை தகுதிச் சான்றாயிற்று. யாழ்ப்பாணத்து உழவரோ வேட்டியையும் சால்வையையும் தொடர்ந்து அணிந்தனர். வெப்பநாட்டு வாழ்வுக்கும் அவர்தம் வருவாய்க்கும் அதுவே பொருந்தியது.

மேனாட்டு உடை மோகத்தைக் கண்டித்தோருள் ஆனந்த குமாரசுவாமி (1877-1947) குறிப்பிடத்தக்கவர். ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1905இல் கண்டியிலே சிறு நூலொன்றை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் தலைமை தாங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும், பொருந்தாத ஐரோப்பிய வழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுதலை எதிர்த்தது. இங்கிலாந்திலே வளர்ந்து கல்வி கற்ற ஒருவரே இதனை வற்புறுத்தினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. எவ்வுடையையும் அணியும் உரிமை பெற்றிருந்தவருக்குப் பழைய உடை, தாமே விரும்பித் தேர்ந்த சுதேசிய அடையாளமாயிற்று.

அவ்வுரிமை இல்லாதார் நிலை வேறு. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நீண்டகாலம் போராட நேர்ந்தது. 1859இல் அரசு அதற்கு இணங்கியபோதும், உயர்சாதிப் பெண்களைப் போன்று உடுத்தலாகாது என நிபந்தனை விதித்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதற்குத் தடைகள் இருந்தன. இவர்களைப் பொறுத்தவரை பழைய உடை மரபன்று, தண்டனையே. புதிய சட்டையை அணிந்தமை மேனாட்டு மோகமாகாது. அது மானத்தை மீட்ட செயலாகும்.

1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் (பின்னர் இளைஞர் காங்கிரஸ்) இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே உணர்ந்தது எனலாம். தேசிய உடையை ஆதரித்த அவ்வியக்கமே தீண்டாமையையும் எதிர்த்தது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், கதராடைப் பணிக்கு நிதி திரட்டியதோடு தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்தினார்.

எனவே, பழைய உடையைப் பேணுவோரை மதிப்பிடுமிடத்து, அதன் தொன்மையை மட்டும் நோக்குதல் போதாது. அதனைக் களையும் உரிமை அவர்க்கு இருந்ததா என்பதே முதலில் எழவேண்டிய வினா. அவ்வுரிமை உள்ளவிடத்தே பேணல் பண்பாடாகும்; அஃது இல்லாதவிடத்து, பண்பாடு என்னும் பெயரில் நிலவுவது அடக்குமுறையே.