வன்தட்டைப் பங்கிட்ட வரலாறு

பங்கிடுதல் எளிய தொழிலன்று. பொரளையிலோ வெள்ளவத்தையிலோ பலர்க்கும் பொதுவான காணியொன்றைப் பிரித்தற்கு 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் வகுத்த முறை ஈண்டு நினைக்கத்தக்கது. நில அளவையாளர் முதலிற் காணியை அளந்து படம் வரைவர். உரித்தாளர் யாவரென விசாரித்து நீதிமன்றம் இடைத்தீர்ப்பு வழங்கும். அதன்பின்னரே பங்குகளின் எல்லை வரையப்படும். இறுதித் தீர்ப்பு அதற்கும் பின்னரே. கணினியின் வன்தட்டைப் பங்கிடுங் கருவிகள் இத்தகைய தெளிவை எய்தப் பல்லாண்டுகள் சென்றன.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடைய எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. உடன்வந்த டொஸ் 2.0 இல் ‘எப்டிஸ்க்’ என்னும் பங்கிடுங் கருவி இருந்தது. தட்டின் முதற் கூறாகிய 512 பைட்டில் 64 பைட்டே பிரிவு அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டது. பிரிவொன்றுக்கு 16 பைட்டாக நான்கு பிரிவுகளே அதில் அடங்கின. 1987 இல் டொஸ் 3.3 இந்நெருக்கடிக்குப் பரிகாரமாக நீட்டித்த பிரிவையும், அதனுள் அடங்குந் தருக்கப் பிரிவையும் புகுத்தியது. இவ்வாறு பொறியின் இடநெருக்கடி மனிதர் கற்றேயாகவேண்டிய பாடமாயிற்று.

பின்னர் லினக்சை நாடியோர் பலருடைய கணினியில் விண்டோஸ் ஏலவே குடியிருந்தது. ‘என் கோப்புகள் எஞ்சுமா?’ என்பதே அவர்தங் கவலை. கருவியோ அதற்கு விடை கூறாது, எந்தக் கோப்பு முறைமை வேண்டும், இடமாற்றுப் பகுதி எவ்வளவு என வினவியது. ‘சீ’ என அவர் அறிந்திருந்த பகுதி ‘எச்டிஏ1’ என வேற்றுப்பெயருடன் தோன்றியது. மீட்டற்கரிய முடிவு, ஏதும் பழகுமுன்னரே கேட்கப்பட்டது.

2005 யூனில் வெளிவந்த டெபியன் 3.1 இன் நிறுவி, வழிகாட்டியபடியே பங்கிட்டது. செய்யவிருக்கும் மாற்றங்களைப் பட்டியலிட்டு, ‘எழுதலாமா?’ என இறுதியிற் கேட்டது. ‘இல்லை’ என்பதே அங்கு முற்குறித்த விடை. 2007 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பின் வரைகலை நிறுவி, எழுத்துத் திரையிற் காட்டவியலாதிருந்த தமிழையும் காட்டியது. ஆயினும் முன்னேற்றம் நேர்வழியிற் செல்லவில்லை. 2013 சனவரியில் வந்த பெடோரா 18, பிரிவுகளைத் தட்டின் வரிசைப்படி காட்டாது அவை சார்ந்த முறைமையின்படி தொகுத்தது, பழகியோரும் இடர்ப்பட்டனர்.

சொல்லைத் தமிழாக்குதல் வேண்டுவதே, அதுமட்டும் போதாது. எது எஞ்சும், எது அழியும் என்பதை முதலிற் கூறி, உரியவர் இசைந்தபின்னரே எல்லையிடும் கருவியே நல்ல கருவி. காணி பிரிப்போர் கைக்கொண்ட ஒழுங்கும் அதுவே.