இடைநிலை வடிகட்டி பிறந்த கதை

12, 14, 250, 13, 15. இந்த ஐந்து அளவுகளில் 250 பிழையென்று நம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. கணினிக்குத் தெரியாது. பிழையை மட்டுப்படுத்த, மும்மூன்று எண்களாகச் சராசரி எடுப்பது பழைய வழக்கம். இங்கே அப்படி எடுத்தால் நடுவிலுள்ள மூன்று இடங்களிலும் 92-ஐ ஒட்டிய எண்களே வரும். ஓரிடத்துப் பிழை அக்கம்பக்கத்தையும் கெடுத்துவிடுகிறது.

1970-களின் தொடக்கத்தில் இதற்கு மாற்று வழி காட்டியவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் பணியாற்றிய புள்ளியியலாளர் ஜான் டூக்கி. மூன்று எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதை, அதாவது இடைநிலையை, எடுத்துக்கொள்ளச் சொன்னார். விடை 14, 14, 15. பிழை 250 ஆக இருந்தாலும் 25,000 ஆக இருந்தாலும் இதே விடைதான். சராசரி, எண்ணின் அளவைப் பார்க்கிறது. இடைநிலை, அதன் வரிசையை மட்டுமே பார்க்கிறது.

1965-ல் ஜேம்ஸ் கூலியுடன் இணைந்து சமிக்ஞையை அலைகளாகப் பிரிக்கும் விரைவு ஃபூரியர் உருமாற்றத்தை வெளியிட்டவரும் டூக்கிதான். இரு சமிக்ஞைகளைக் கூட்டினால் விளைவுகளும் கூடும் என்ற விதியின் மேல் நிற்பது அந்தக் கணிதம். இடைநிலை அந்த விதிக்குள் அடங்காது. தானே செழிக்கவைத்த துறையின் எல்லையைத் தாண்டிப்போக அவர் தயங்கவில்லை. 1975-ல் பெல் ஆய்வகத்தில் லாரன்ஸ் ரபினரும் கூட்டாளிகளும் பேச்சொலி ஆய்வுக்கு இந்த இடைநிலை முறையைப் பயன்படுத்தினார்கள்.

படங்களில் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு புள்ளியையும் சுற்றியுள்ள எட்டையும் ஒரு சாளரமாக எடுத்து அடுக்கினால் ஐந்தாவதே விடை. உப்பும் மிளகும் தூவியதுபோல் சிதறிய வெள்ளை, கறுப்புப் புள்ளிகள் வரிசையின் இரு கோடிகளுக்கு ஒதுங்கிவிடும். ஒன்பதில் நான்கு கெட்டிருந்தாலும் விடை நல்ல அளவுகளின் எல்லைக்குள்ளேயே நிற்கும். 10, 10, 10, 200, 200, 200 என்ற விளிம்பைச் சராசரி 73, 137 என்று சரிவாக்கும். இடைநிலை அப்படியே விட்டுவைக்கும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் அடுக்குவது அன்றைய கணினிகளுக்குப் பெரும் சுமை. 1979-ல் தாமஸ் ஹுவாங் குழு வழி கண்டது: அடுக்குவதற்குப் பதில் ஒவ்வொரு அளவும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவைத்துக்கொண்டு, சாளரம் பக்கவாட்டில் ஒரு படி நகரும்போது பழைய நிரலைக் கழித்துப் புதிய நிரலைச் சேர்த்தால் போதும், மற்ற எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

ஆனால் சாளரத்தின் பாதியைவிட மெல்லிய கோட்டையும் இடைநிலை பிழையென்றே அழிக்கும். ஆகவே படத்தில் காக்கவேண்டிய மிகச் சிறிய பொருள் எது என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்பச் சாளரத்தை அளக்கவேண்டும்.